முட்டுச்சந்துல மாட்டுன மூணு லாரி!

உங்க பாக்கெட்ல இருக்கிற செல்போனை வெளியில எடுங்க பாஸ். வாங்கும்போது பாக்ஸ் மேல 'அமோலெட் டிஸ்ப்ளே'ன்னு போட்டிருந்துச்சா? அப்படின்னா இந்த வார மேட்டர் உங்க உள்ளங்கையிலேயே இருக்கு. இல்லைன்னாலும் கவலை வேண்டாம். பக்கத்து பெஞ்ச்ல யாரோ ஒருத்தன் வச்சிருப்பான். எட்டிப் பாருங்க!

பழைய எல்.சி.டி. ஸ்கிரீன்ல பின்னாடி ஒரு விளக்கு எப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். கறுப்பு காட்டணும்னா விளக்குக்கு முன்னால திரை போட்டு மறைக்கணும். 'ஓலெட்' ஸ்கிரீன் அப்படி இல்லை. ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டி விளக்கு. கறுப்பு வேணுமா, அந்தப் புள்ளியை அணைச்சிட்டாப் போதும். அங்கே வெளிச்சம் கொடுக்கிறது கார்பன், நைட்ரஜன், ஹைட்ரஜன் மாதிரி சாதாரண அணுக்களை வச்சுக் கட்டின ஆர்கானிக் மூலக்கூறுகள். கரன்ட் கொடுத்தா மின்னும். 1987-ல அமெரிக்காவுல கோடாக் கம்பெனி ஆய்வகத்துல சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக்னு ரெண்டு பேர் இதை உருப்படியா வேலை செய்ய வச்சாங்க. ஃபிலிம் ரோல் விற்ற அதே கோடாக்தான்!

எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஆனா, உள்ளுக்குள்ளே ஒரு பெரிய நஷ்டக் கணக்கு ஓடிக்கிட்டிருந்தது.

நாலு லோடு... ஒண்ணுதான் போய்ச் சேருது!

நாமக்கல்ல இருந்து முட்டை ஏத்திக்கிட்டு நாலு லாரி கிளம்புதுன்னு வச்சுக்கங்க. ஒண்ணு மட்டும் ஊர் போய்ச் சேருது. மிச்சம் மூணும் வழி தப்பி முட்டுச்சந்துல மாட்டிக்கிட்டு, வெயில்ல காய்ஞ்சு, முட்டை அத்தனையும் வீணாப் போகுது. எந்த ஓனர் இந்தத் தொழிலைப் பண்ணுவார்?

ஓலெட்டுக்குள்ள நடக்கிறது கிட்டத்தட்ட இதேதான். ஒரு பக்கம் இருந்து எலக்ட்ரான் வருது. இன்னொரு பக்கம் இருந்து 'ஹோல்' வருது. ரெண்டும் ஒரு மூலக்கூறு மேல சந்திச்சா அந்த மூலக்கூறு எனர்ஜி ஏறி உசந்து நிக்கும். அந்த எனர்ஜியை வெளிச்சமா விட்டுட்டுக் கீழே இறங்கணும். இதான் பிளான்.

இங்கதான் 'ஸ்பின்' வந்து குறுக்கே நிக்குது. ரெண்டு ஸ்பின் சேர்ந்தா நாலு விதமாச் சேரலாம். அதுல ஒண்ணுக்குப் பேர் சிங்லெட். மிச்சம் மூணுக்கும் பேர் ட்ரிப்லெட். சிங்லெட் நல்ல பிள்ளை. சில நானோ செகண்டுல பளிச்னு வெளிச்சம் விட்டுட்டு இறங்கிடும். ட்ரிப்லெட்டுக்கோ குவாண்டம் விதிப்படி அந்த வழி கிட்டத்தட்ட மூடியே இருக்கும். கொஞ்ச நேரம் தவிச்சு நின்னுட்டு, எனர்ஜி முழுக்க வெறும் சூடாப் போயிடும்.

ஆக, நூத்துக்கு 25 வெளிச்சம்... 75 வேஸ்ட்! அந்த 25-லயும் பெரும்பகுதி கண்ணாடிக்குள்ளயே சிக்கிக்கும். வெளியே வர்றது ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்குதான். கணக்குப் போட்டுப் பாருங்க. நூறு எலக்ட்ரான் உள்ளே போனா, நம்ம கண்ணுக்கு வந்து சேர்ற ஒளித்துகள் சுமார் அஞ்சு. பேட்டரி ஏன் தீராது!

கொலுசுப் பட்டறைக்குத் தெரியும் கிராம் விலை

முதல் வைத்தியம் 1998-ல வந்துச்சு. மார்க் பால்டோ, ஸ்டீபன் ஃபாரஸ்ட், மார்க் தாம்ப்ஸன் டீம், மூலக்கூறு நடுவுல பிளாட்டினம் அணுவை உட்கார வச்சாங்க. அடுத்த வருஷம் இரிடியம். இந்த மாதிரி கனமான அணு பக்கத்துல இருந்தா ஸ்பின் விதி கொஞ்சம் தளர்ந்து கொடுக்கும். ட்ரிப்லெட்டும் வெளிச்சமா இறங்கிடும். முட்டுச்சந்துச் சுவரை இடிச்சு ரோடு போட்ட கதை. நாலு லாரியும் போய்ச் சேர்ந்தாச்சு. இன்னைக்கும் அமோலெட் போன்கள்ல சிவப்பும் பச்சையும் எரியுறது பெரும்பாலும் இந்த இரிடியம் டெக்னிக்லதான்.

பிரச்னை என்னன்னா, இரிடியம் பூமியோட மேலோட்டுல தங்கத்தைவிட அரிதான உலோகம். முக்கியமா தென்னாப்பிரிக்காவுல பிளாட்டினம் தோண்டும்போது துணைப் பொருளாக் கிடைக்கிறது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில வெள்ளிக் கொலுசுப் பட்டறை வச்சிருக்கிறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. உலோகம் கிராம் கணக்குல விலை ஏறுனா தொழில் என்ன பாடுபடும்னு அவங்களைவிட நல்லா யாரும் சொல்ல முடியாது.

'சரி, அந்த உலோகமே இல்லாம வெறும் கார்பன், நைட்ரஜனை மட்டும் வச்சு அந்த மூணு லாரியை மீட்க முடியாதா?'

இந்தக் கேள்விக்கு ஜப்பான்ல இருந்து பதில் வந்துச்சு. கியூஷு பல்கலைக்கழகத்துல சிஹாயா அடாச்சி டீம். 2012 டிசம்பர்ல 'நேச்சர்' இதழ்ல கட்டுரை. அவங்க சொன்ன வித்தைக்குப் பேர் 'தெர்மலி ஆக்டிவேட்டட் டிலேய்டு ஃப்ளோரசன்ஸ்'. சுருக்கமா டி.ஏ.டி.எஃப். நம்ம பாஷையில சொன்னா, சூடு தூண்டிவிட, தாமதமா வர்ற வெளிச்சம்.

கொல்லிமலையா, ஸ்பீடு பிரேக்கரா?

ட்ரிப்லெட் கொஞ்சம் கீழே நிக்குது. சிங்லெட் கொஞ்சம் மேலே. ட்ரிப்லெட்டை எப்படியாவது ஒரு எக்கு எக்க வச்சு சிங்லெட் ஆக்கிட்டோம்னா, அது தானா வெளிச்சம் விட்டுட்டு இறங்கிடும். எக்குறதுக்கு எனர்ஜி யார் கொடுப்பா? சுத்தி இருக்கிற சூடு. ஆமாங்க, ரூம்ல சும்மா இருக்கிற சூடுதான். எந்த மூலக்கூறும் சும்மா நிக்கிறதில்லை. எப்பவும் ஆடிக்கிட்டும் அதிர்ந்துக்கிட்டும்தான் இருக்கும். அந்த ஆட்டம்தான் தள்ளுவண்டிக்கு ஆள்பலம்.

ஆனா, மேடு எவ்வளவு உசரம்கிறதுதான் கேள்வி. சாதாரண மூலக்கூறுகள்ல ட்ரிப்லெட்டுக்கும் சிங்லெட்டுக்கும் இடைவெளி அரை எலக்ட்ரான் வோல்ட், அதுக்கும் மேலே. அறை வெப்பம் கொடுக்கிற எனர்ஜி அளவோ வெறும் 0.025 எலக்ட்ரான் வோல்ட் பக்கம். இது கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவையும் லோடு லாரியைக் கையால தள்ளி ஏத்துற வேலை.

முதல் வருஷம் படிச்ச போல்ட்ஸ்மேன் ஃபார்முலாவை ஒரு தடவை ஞாபகப்படுத்துங்க. அதான்... எக்ஸாம் முடிஞ்ச அன்னைக்கே டெலீட் பண்ணினோமே, அதேதான்! 27 டிகிரி செல்சியஸ்ல, அரை எலக்ட்ரான் வோல்ட் மேட்டுக்கு அந்த ஃபார்முலா கொடுக்கிற விடை சுமார் 25 கோடியில ஒண்ணு. லாட்டரிச் சீட்டுலகூட இதைவிட சான்ஸ் அதிகம்.

அடாச்சி டீம் செஞ்ச மூலக்கூறுல மேடு 0.083 எலக்ட்ரான் வோல்ட். அதே ஃபார்முலா, அதே வெப்பநிலை. விடை சுமார் 25-ல ஒண்ணு!

25 கோடி எங்கே... 25 எங்கே? மலையை வெட்டி ஸ்பீடு பிரேக்கர் ஆக்கிட்டாங்க. ஒரு தள்ளுல ஏறலைன்னா அடுத்த தள்ளு. மூலக்கூறு ஒரு செகண்டுல லட்சம் கோடித் தடவைக்கும் மேலே அதிருது. தள்ள ஆளா இல்லை?

தோள்ல தோள் இடிச்சா நல்லது!

மலையை எப்படி வெட்டினாங்க? இதான் கெமிஸ்ட்ரியோட அழகு.

மூலக்கூறுக்குள்ள எலக்ட்ரான் கிளம்புற இடமும் போய் உட்கார்ற இடமும் ஒண்ணு மேல ஒண்ணாக் கிடந்தா மேடு உசரமா இருக்கும். ரெண்டையும் தள்ளித் தள்ளி வச்சா மேடு குறையும். அதனால ஒரு பக்கம் எலக்ட்ரானைக் கொடுக்கிற குழு, இன்னொரு பக்கம் அதை வாங்கிக்கிற குழுன்னு பிரிச்சாங்க. கொடுக்கிறதுக்கு கார்பசோல்னு ஒரு பொருள். 1872-லயே நிலக்கரித் தார்ல இருந்து பிரிச்செடுத்த பழைய ஆசாமி. நடுவுல ரெண்டு சயனோ குழு மாட்டின ஒரு பென்சீன் வளையம், சுத்தி நாலு கார்பசோல். நாலும் ஒரே வளையத்துல நெருக்கியடிச்சு உட்காரணும். டவுன் பஸ் கடைசி சீட்ல அஞ்சு பேர் உட்கார்ந்தா என்ன ஆகும்? எல்லாரும் உடம்பைத் திருப்பிக்கிட்டு உட்காருவோம்ல, அதே மாதிரி கார்பசோல்களும் திரும்பி நின்னுக்கும். அந்தத் திருகல்தான் கொடுக்கிற இடத்தையும் வாங்குற இடத்தையும் பிரிச்சு வைக்குது. அந்த மூலக்கூறோட பேரு 4சிஇசட்ஐபிஎன். பேர் பாஸ்வேர்டு மாதிரி இருந்தாலும் வேலை சுத்தம். பச்சை வெளிச்சம். நூறு எலக்ட்ரானுக்கு 19 ஒளித்துகள் வெளியே வந்துச்சு. பழைய அஞ்சு எங்கே, இந்த 19 எங்கே!

ஒரேயடியாப் பிரிச்சு வச்சாலும் வம்பு. கொடுக்கிறவரும் வாங்குறவரும் மூஞ்சியே பார்க்கலைன்னா வெளிச்சம் வர்ற வேகமே செத்துப் போயிடும். ஒட்டவும் கூடாது, விலகவும் கூடாது. காலேஜ்ல சில ஃப்ரெண்ட்ஷிப் இந்த ரகம்தானே?

இது நிஜமாவே சூட்டால வர்ற வெளிச்சம்தான்னு எப்படி நிரூபிப்பாங்க? சிம்பிள். குளிர்விச்சுப் பார்ப்பாங்க. இந்த மூலக்கூறு ரெண்டு தவணையா ஒளி விடும். முதல் தவணை சுமார் 18 நானோ செகண்டுல. ரெண்டாவது சுமார் 5 மைக்ரோ செகண்டுல. அந்தத் தாமதமா வர்றதுதான் முட்டுச்சந்துல இருந்து மீண்ட லாரிகள். வெப்பநிலையை நல்லா இறக்கினா அந்த ரெண்டாவது தவணை மங்கிப் போகும். தள்ள ஆள் இல்லையே!

'அப்போ நம்ம சேலத்து சித்திரை வெயில்ல போன் இன்னும் பளபளன்னு எரியுமா?'ன்னு கேட்கிற குசும்பனுக்கு: எரியாது ராசா. 27 டிகிரியில இருந்து 40 டிகிரிக்குப் போனா அந்த 0.025 கொஞ்சூண்டு ஏறி 0.027 ஆகும். அவ்வளவுதான். போனை வெயில்ல வச்சா பேட்டரியும் டிஸ்ப்ளேயும்தான் சீக்கிரம் ரிட்டையர் ஆகும்.

தைவான் அட்டெண்டன்ஸ்ல தமிழ்ப் பேரு

இப்ப ஒரு லெட்டர். ராசிபுரம் பக்கத்துல இருந்து பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி ரெண்டாம் வருஷம் படிக்கிற தோழி எழுதியிருக்காங்க. 'எங்க பெரியப்பா வீட்டுக்கு வரும்போதெல்லாம், கெமிஸ்ட்ரி படிச்சுட்டு என்ன கண்ணு பண்ணப்போறே, சோப்புப் பவுடர் காய்ச்சப் போறியான்னு கேட்கறாருங்க. பதில் சொல்லத் தெரியலை. எம்.எஸ்சி. வேண்டாம், பி.எட். போதும்கிறாங்க. நீங்களாச்சும் ஏதாவது எழுதுங்க!'

பெரியப்பாகிட்ட இந்தப் பக்கத்தைக் கொடுங்க தோழி.

2016-ல அமெரிக்க கெமிக்கல் சொசைட்டியோட இதழ்ல தைவான் நாட்டு நேஷனல் சிங் ஹுவா பல்கலைக்கழகத்துல இருந்து ஒரு டி.ஏ.டி.எஃப். கட்டுரை வந்துச்சு. பேராசிரியர் சியென்-ஹாங் செங் டீம். எழுதினவங்க பட்டியலைப் படிச்சா நம்ம ஊர் அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர் மாதிரி ஆரம்பிக்குது... ராஜமல்லி, செந்தில்குமார், காந்தீபன்!

அவங்க புதுசா ரெண்டு மூலக்கூறு செஞ்சாங்க. வாங்கிக்கிற பக்கம் பென்சோயில் பிரிடின். கொடுக்கிற பக்கம் அதே பழைய கார்பசோல், ரெண்டு. மேடு எவ்வளவு தெரியுமா? ஒண்ணுல 0.03, இன்னொண்ணுல 0.04 எலக்ட்ரான் வோல்ட். ஸ்பீடு பிரேக்கர்கூட இல்லை, சும்மா ஒரு ரோட்டுத் தையல். நம்ம ஃபார்முலாவுல 0.03-ஐப் போட்டா மூணுல ஒண்ணு! அதை வச்சுச் செஞ்ச விளக்குகள்ல, நூறு எலக்ட்ரானுக்கு வெளியே வந்த ஒளித்துகள் நீலத்துல 24, பச்சையில 27. பெரும்பகுதி கண்ணாடிக்குள்ள சிக்கிக்கும்னு முன்னாடி சொன்னேனே, அதோட சேர்த்துப் பார்த்தா இது ஏறக்குறைய முழு மார்க்.

அதுல ஒரு விசேஷம். கரைசல்ல இருக்கும்போது இந்த மூலக்கூறுகள் சுமாராத்தான் மின்னும். நூத்துக்கு 14, 36. அதையே மெல்லிய படலமாப் பூசினா 88, 91! தனியா ஆடவிட்டா சோம்பேறி, கூட்டத்துல உட்கார வச்சா டாப்பர். ஹாஸ்டல் பசங்க உடனே புரிஞ்சுக்குவாங்க.

பட்டியல்ல முதல் பேர் பச்சையப்பன் ராஜமல்லி. பிஎச்.டி. செஞ்சது ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல. அப்புறம் தைவான். அப்புறம் ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம். பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல மெட்டீரியல்ஸ் ரிசர்ச் சென்டர்ல பேராசிரியரா சேர்ந்து, இதே மாதிரி ஒளிவிடும் மூலக்கூறுகளைச் செய்யற குழுவை நடத்துறார். அதே கழகத்துல வேதியியல் பக்கம் பக்கிரிசாமி திலகர், போரான் அணுவை வச்சு ஒளிரும் மூலக்கூறுகள் செய்யற குழுவை நடத்துறார். சேலம் ஜங்ஷன்ல ரயில் ஏறினா சில மணி நேரத்துல போய் இறங்கிடலாம்கிற தூரத்துல நடக்கிற வேலை இது!

சோப்புப் பவுடர் காய்ச்சறதும் கெமிஸ்ட்ரிதான். அதுல கேவலம் ஒண்ணும் இல்லை. ஆனா, அது மட்டும்தான் கெமிஸ்ட்ரின்னு நினைச்சுடாதீங்க பெரியப்பா.

நீலம் மட்டும் ஏன் அழுவுது?

எல்லாம் ஜெயிச்சாச்சுன்னு நினைச்சா, இல்லை. சேலம் அஞ்சு ரோடு பக்கம் ஒரு செல்போன் ரிப்பேர் கடை. ஃப்ரெண்டோட போன்ல கீபோர்டு படம் ஸ்கிரீன்லயே அச்சு விழுந்து கிடந்துச்சு. அவனோட நானும் போயிருந்தேன்.

"ஏனுங்கண்ணா, இதை மட்டும் அழிக்க முடியாதுங்களா?"

"அழியாதுங் தம்பி. இது அழுக்கு இல்லீங்க, தேய்மானம். நீலப் புள்ளிதான் மொதல்ல சோர்ந்து போகும். அப்புறம் வெள்ளைகூட மஞ்சளாத்தான் தெரியும். புது டிஸ்ப்ளேதான் போடோணும்."

"எவ்ளோங்ணா ஆவும்?"

அவர் சொன்ன தொகையைக் கேட்டு ஃப்ரெண்டு போனை வாங்கிப் பாக்கெட்ல போட்டுக்கிட்டான்.

கடைக்கார அண்ணன் ஒரே வரியில சொன்னது உலகம் பூராவும் லேப்கள்ல தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம். நீல ஒளித்துகளுக்கு எனர்ஜி அதிகம், சுமார் 2.7 எலக்ட்ரான் வோல்ட். எனர்ஜி ஏறின ரெண்டு ட்ரிப்லெட் மோதிக்கிட்டா ரெண்டோட எனர்ஜியும் ஒண்ணுகிட்டயே சேரலாம். அஞ்சு எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலே! கார்பன்-நைட்ரஜன் பிணைப்பு உடையறதுக்கு அதுவே அதிகம். மூலக்கூறு காலி. புள்ளி காலி.

இங்கதான் டி.ஏ.டி.எஃப்.போட பலமே பலவீனமாகுது. தாமதமா வர்ற வெளிச்சம்னு சொன்னேன்ல? அந்தத் தாமதத்துல ட்ரிப்லெட்டுகள் க்யூவுல காத்துக்கிட்டு நிக்குது. க்யூ நீண்டா தள்ளுமுள்ளு. தள்ளுமுள்ளு வந்தா எலும்பு முறிவு! அதனாலதான் நீலத்துக்கு மட்டும் போன் கம்பெனிகள் ரொம்ப வருஷமா பழைய 25 சதவிகித ரகத்தையே கட்டிக்கிட்டு அழுதாங்க. வீணாப் போனாலும் சீக்கிரம் சாகாதே!

இப்போ ஓடுற பந்தயம் க்யூவை வேகமா நகர்த்துறதுதான். ஒரு வழி, டி.ஏ.டி.எஃப். மூலக்கூறு தானே ஒளிவிடாம, மீட்ட எனர்ஜியைப் பக்கத்துல இருக்கிற வேகமான சாதாரண மூலக்கூறுக்குக் கைமாத்தி விடறது. ஜப்பான்ல ஃபுகுவோகாவுல 2015-ல ஆரம்பிச்ச கியூலக்ஸ் கம்பெனி இந்த ரூட்டைப் பிடிச்சிருக்கு. இன்னொரு வழி, 2016-ல ஜப்பான்ல தகுஜி ஹடகெயாமா டீம் காட்டினது. போரானையும் நைட்ரஜனையும் ஒரே தட்டையான வளையக் கூட்டுக்குள்ள இடம் மாத்தி மாத்திப் பதிச்சு, ரொம்பச் சுத்தமான நீலம் எடுத்தாங்க. ரெண்டு வழியிலும் ஆயுசை நீட்டுறதுக்கு இன்னமும் மல்லுக்கட்டிக்கிட்டுதான் இருக்காங்க.

இடையில ஒரு சைடு பிசினஸ். 4சிஇசட்ஐபிஎன் இப்ப விளக்குக்கு வெளியேயும் வேலைக்குப் போகுது. மருந்து மூலக்கூறுகள் மாதிரி சரக்குகளை வெளிச்சத்தால செய்யற வினைகள்ல, விலையான இரிடியம் வினையூக்கிகளுக்குப் பதிலா உலகத்துல பல லேப்கள்ல இதைத்தான் ஒரு சிட்டிகை போடறாங்க. டி.வி.க்குன்னு பொறந்த பிள்ளை மருந்துக் கம்பெனியில வேலை பார்க்குது!

சரி, நமக்கென்ன?

கேம்பஸ்ல யாரும் வந்து 'டி.ஏ.டி.எஃப். தெரியுமா, இந்தா ஆஃபர் லெட்டர்'னு நீட்டப் போறதில்லை. இதை மறைச்சு எழுதினா அது மோசடி. எம்.எஸ்சி. ரெண்டு வருஷம், பிஎச்.டி. அஞ்சு வருஷம், அப்புறம் வெளிநாட்டு லேப்னு நீளமான ரோடு. கூடப் படிச்சவன் ஐ.டி. கம்பெனியில சேர்ந்து கார் வாங்கியிருப்பான். நாம ஃபெல்லோஷிப் பணம் எப்போ வரும்னு பேங்க் மெசேஜைப் பார்த்துக்கிட்டு இருப்போம். பெரியப்பாவோட பயத்துலயும் நியாயம் இருக்கு.

ஆனா, வாசல் எங்கே இருக்குன்னு தெரியாமலேயே 'அந்த வீடே வேண்டாம்'னு முடிவு பண்றது வேற விஷயம். ஐ.ஐ.டி., இந்திய அறிவியல் கழகம் மாதிரி இடங்கள்ல எம்.எஸ்சி. சேர 'ஜாம்'னு ஒரு நுழைவுத் தேர்வு இருக்கு. பி.எஸ்சி. கடைசி வருஷத்துலயே எழுதலாம். நாட்டோட மூணு அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்துற சம்மர் ஃபெல்லோஷிப் இருக்கு. கிடைச்சா லீவுல ரெண்டு மாசம் நிஜ லேப்ல வேலை பார்க்கலாம், உதவித்தொகையோட. நம்ம பெல்ட்ல திருச்செங்கோடு, ராசிபுரம், சங்ககிரின்னு எத்தனை காலேஜ்! ஜாம் எழுதுறவங்க உங்க கிளாஸ்ல எத்தனை பேர்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க.

என்னை மாதிரி இ.சி.இ. பார்ட்டிகளுக்கும் இடம் உண்டு. மூலக்கூறு செஞ்சாப் போதாது. அதை நூறு நானோமீட்டர் கனத்துல அடுக்கடுக்காப் பூசணும், ஒவ்வொரு புள்ளிக்கும் ட்ரான்ஸிஸ்டர் வைக்கணும், கரன்ட்டை அளந்து கொடுக்கணும். ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல அமோலெட்டுக்குன்னே ஒரு ரிசர்ச் சென்டர் இயங்குது. ஸ்ரீபெரும்புதூர்ல போன் அசெம்பிள் பண்றோம், சந்தோஷம். ஆனா, அந்தப் போனோட ஸ்கிரீன் கொரியாவுல இருந்தும் சீனாவுல இருந்தும்தான் பெட்டியில வந்து இறங்குது. பெட்டியைப் பிரிக்கிற வேலை மட்டும் போதுமா, உள்ளே இருக்கிற மூலக்கூறு நம்ம ஊர் கணக்குல ஒண்ணாச்சும் வேணுமாங்கிறதுதான் கேள்வி.

ராசிபுரம் தோழிக்கு ஒரு ஹோம்வொர்க். பெரியப்பா அடுத்த தடவை வரும்போது, அவர் போனை வாங்கிப் பக்கத்துல வச்சுக்கங்க. கால்குலேட்டரை ஓப்பன் பண்ணுங்க. 0.5-ஐ 0.0259-ஆல வகுத்து, மைனஸ் போட்டு எக்ஸ்போனென்ஷியல் எடுங்க. அடுத்து 0.083-க்கு. அடுத்து 0.03-க்கு. மூணு விடையையும் ஒரு பேப்பர்ல வரிசையா எழுதிக் காட்டுங்க. "இந்த முதல் நம்பரை மூணாவது நம்பர் ஆக்குறதுதாங்க பெரியப்பா கெமிஸ்ட்ரி"ன்னு சொல்லுங்க. அவர் என்ன சொன்னார்னு மறக்காம எழுதிப் போடுங்க!

அடுத்த வாரம்: மரவள்ளிக் கிழங்குல இருந்து ஜவ்வரிசி. அந்த வெள்ளை உருண்டைக்குள்ளயும் ஒரு பாலிமர் கதை இருக்கு மக்களே!